அப்பாவுக்கு ப்ளாடர் (மூத்திரப்பை) கேன்சர்: 30 வருஷத்துக்கு முன்னாடி இடுப்பெலும்பு உடைஞ்சதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

தூக்கம்_வராதவன்:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க. யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல, அதான் இங்க வந்து கொட்டுறேன்.

அப்பாவுக்கு 64 வயசு. 1994-ல லாரி மோதி இடுப்பெலும்பு உடைஞ்சுது, கூடவே மூத்திரக்குழாயும் அறுந்துபோச்சு. அப்ப அடிவயித்துல ஓட்ட போட்டு ட்யூப் வெச்சு அனுப்பிட்டாங்களாம், சில மாசம் கழிச்சுதான் ஆபரேஷன் பண்ணி குழாய சேத்து தெச்சாங்க. அதுக்கப்புறம் அந்த தெச்ச எடம் அப்பப்ப சுருங்கிக்கும், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா போயி கம்பி விட்டு விரிச்சுட்டு வருவார். எங்க வீட்ல "அப்பாவுக்கு யூரின் ப்ராப்ளம்"ங்கறது ஓடற ஃபேன் சத்தம் மாதிரி, யாரும் காதுலயே வாங்கறதில்ல.

அதான் பிரச்சனையே. போன வருஷம் யூரின்ல ரத்தம் வந்துச்சு. வலி சுத்தமா இல்ல. காட்டின எடத்துல ஃபைல பாத்துட்டு "பழைய ஸ்ட்ரிக்சர் (குழாய் சுருக்கம்)தான், இன்ஃபெக்‌ஷன் ஆயிருக்கும்"னு ஆன்டிபயாடிக் எழுதிக் குடுத்தாங்க. நின்னுருச்சு. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் வந்துச்சு, மறுபடியும் அதே மாத்திர, மறுபடியும் நின்னுருச்சு. மூணாவது தடவ வேற ஒரு டாக்டர்கிட்ட போனோம், அவர் "இத ஏன் இவ்ளோ நாள் ஸ்கோப் பண்ணி பாக்கல"ன்னு கேட்டுட்டு உள்ள விட்டு பாத்தார், கட்டி இருக்கு. சுரண்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்பினாங்க. ரிப்போர்ட்ல டி1 (உள்தோலுக்கு அடுத்த அடுக்கு வரைக்கும் போன கட்டி), ஹை க்ரேட் (வேகமா வளர்ற வகை), "மாதிரியில் தசை காணப்படவில்லை"ன்னு வந்துச்சு. அதனால ஒரு மாசம் கழிச்சு அதே எடத்துல இன்னொரு தடவ சுரண்டினாங்க, அதுல தசை வந்துச்சு, தசைக்குள்ள கேன்சர் போகலன்னு சொன்னாங்க. இப்ப பி.சி.ஜி. ஆரம்பிக்கணுமாம். வாரம் ஒண்ணு, ஆறு வாரம்.

என் சந்தேகம் இதுதான். அந்த ஆக்சிடென்ட் காயம், அடிக்கடி கம்பி விட்டது, இதெல்லாம் சேந்து கேன்சரா மாறிருச்சா? அப்பா அப்டித்தான் நம்புறார், அந்த லாரிக்காரன இப்பவும் திட்டிட்டு இருக்கார். அவர் 25 வருஷம் சிகரெட் பிடிச்சவர், விட்டு 8 வருஷம் ஆச்சு. சின்ன வயசுல சாயம் தயாரிக்கற ஃபாக்டரியில கொஞ்ச வருஷம் வேல பாத்திருக்கார். அப்புறம் இந்த பி.சி.ஜி. டிபி தடுப்பூசிதானே, அத எதுக்கு ப்ளாடர்ல ஊத்துறாங்க? ஏன் ஆறு? நெட்ல தேடினா கேன்சர் பத்தி ஒரு மூட்ட இருக்கு, ஆக்சிடென்ட் காயம் பத்தி இன்னொரு மூட்ட இருக்கு, ரெண்டும் ஒரே ஆளுக்கு இருந்தா என்ன பண்றதுன்னு ஒருத்தரும் எழுதல.

லேப்கோட்டு:

நான் யூராலஜி ரிசர்ச்ல இருக்கேன், வைத்தியம் பாக்கற டாக்டர் இல்ல, அத மனசுல வெச்சுட்டு படிங்க. உங்க கேள்வி எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துது, ஏன்னு கடைசில சொல்றேன்.

முதல்ல லாரி. ஒரு தடவ இடுப்பெலும்பு உடைஞ்சதாலயோ குழாய் அறுந்ததாலயோ 30 வருஷம் கழிச்சு ப்ளாடர்ல கேன்சர் வரும்னு சொல்ல ஆதாரம் இல்ல. காயத்தோட சம்பந்தம்னு நல்லா தெரிஞ்ச ஒரு வழி இருக்கு, அது என்னன்னா தண்டுவடம் அடிபட்டவங்க மாதிரி வருஷக்கணக்கா கதீட்டர (மூத்திரம் வடிக்கற ட்யூப) உள்ளயே வெச்சுட்டு இருக்கறவங்களுக்கு, அந்த ட்யூப் உரசல், கல்லு, ஓயாத இன்ஃபெக்‌ஷன் இதெல்லாம் சேந்து ப்ளாடரோட உள்தோல் மாறிப்போயி, ஸ்குவாமஸ்ங்கற வேற வகை கேன்சர் வர வாய்ப்பு அதிகமாகுது. உங்கப்பாவுக்கு ட்யூப் இருந்தது சில மாசம். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா கம்பி விடறதும் அதும் ஒண்ணு இல்ல. பயாப்சில செல் வகை என்னன்னு எழுதியிருப்பாங்க, யூரோதீலியல்னு (ப்ளாடர்ல வழக்கமா வர்ற வகை) இருந்தா சிகரெட் பக்கம் திரும்பிப் பாருங்க.

ஏன்னா ப்ளாடர் கேன்சர்ல ஏறக்குறைய பாதிக்கு காரணம் சிகரெட்டு. நெறைய பேருக்கு இது தெரியாது, சிகரெட்னா நுரையீரல்னு மட்டும் நெனைக்கறாங்க. புகைல இருக்க அரோமாட்டிக் அமீன்கள்ங்கற ரசாயனங்கள் ரத்தத்துல கலந்து, கிட்னி வடிகட்டி, கடைசில மூத்திரத்துல வந்து ப்ளாடர்ல மணிக்கணக்கா தேங்கி நிக்குது. உடம்புல வேற எந்த எடத்துலயும் அந்த விஷம் அவ்ளோ நேரம் உக்காந்திருக்காது.

சாய ஃபாக்டரின்னு போற போக்குல எழுதியிருக்கீங்க, அது சின்ன விஷயம் இல்ல. டாக்டர்கிட்ட சொன்னீங்களா? ஃப்ராங்க்ஃபர்ட்ல லூட்விக் ரேன்னு ஒரு சர்ஜன், ஃபுக்சின்ங்கற சாயம் தயாரிக்கற தொழிலாளிகளுக்கு ப்ளாடர் கட்டி வர்றத 1895-ல எழுதினார். தொழில் செய்யற எடத்துலேந்து கேன்சர் வருதுன்னு சொன்ன பழைய ரிப்போர்ட்கள்ல அது முக்கியமானது. அப்புறம் 1938-ல ஹூப்பர்ங்கறவர் பீட்டா நாஃப்தைலமீன்ங்கற சாயத்தொழில் ரசாயனத்த நாய்களுக்கு குடுத்து ப்ளாடர் கட்டி வர வெச்சு காமிச்சார். 1954-ல இங்கிலாந்து சாயத்தொழிலாளிகள வெச்சு கேஸ்ங்கற டாக்டர் பெரிய கணக்கெடுப்பே போட்டார். அதே பீட்டா நாஃப்தைலமீன் சிகரெட் புகைலயும் இருக்கு. அப்ப உங்கப்பா ரெண்டு பக்கமும் வாங்கியிருக்கார்.

இதுல ஒரு வேடிக்கை, அதே ரேன்தான் 1896-ல கத்தியால குத்துப்பட்டு வந்த ஒரு ஆளோட இதயத்துல தையல் போட்டு பொழைக்க வெச்சவர். இதயத்த தொடவே கூடாதுன்னு இருந்த காலம் அது. ஒரே மனுஷன் ஒரு வருஷ இடைவெளில ப்ளாடர் கேன்சருக்கும் காயத்துக்கும் வழி காமிச்சுட்டு போயிட்டார். இப்ப ட்ராமாவுக்கு (அடிபட்ட காயத்துக்கு) தனி டிபார்ட்மென்ட், கேன்சருக்கு தனி டிபார்ட்மென்ட், தனித்தனி மாநாடு. நீங்க தேடி கிடைக்காததுல ஆச்சரியமே இல்ல.

பி.சி.ஜி.க்கு வர்றேன். கால்மெட், கெரின்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க மாட்டு டிபி கிருமிய 13 வருஷம் 230 தடவ மாத்தி மாத்தி வளத்து, அதோட பல்ல புடுங்கி வெச்சாங்க. 1921-ல தடுப்பூசியா போட ஆரம்பிச்சாங்க. டிபி இருந்து செத்தவங்களோட பிரேத பரிசோதனைய பாத்தா கேன்சர் கம்மியா இருக்கேன்னு 1929-ல ரேமண்ட் பேர்ல்னு ஒருத்தர் எழுதினார். அந்த நூல புடிச்சு பல பேர் பல எடத்துல முயற்சி பண்ணி தோத்துப்போனாங்க, ஜெயிச்ச எடம் ப்ளாடர். கனடால ஆல்வரோ மொராலெஸ் 1976-ல வெளியிட்ட பேப்பர்ல மொத்தம் 9 பேஷன்ட்தான். கிருமிய உள்ள ஊத்தினா அது உள்தோல்ல ஒட்டிக்கும், உடம்போட காவல்படை அத அடிக்க ஓடி வரும், வந்த எடத்துல கேன்சர் செல்லையும் சேத்து அடிச்சுட்டு போகும். சுருக்கமா அவ்ளோதான், உள்ள நடக்கறது இன்னும் குழப்பமானது.

ஏன் ஆறுன்னு கேட்டீங்க. இத கேட்டா சிரிப்பீங்க. மொராலெஸுக்கு வந்த மருந்து பேக்ல ஆறு குப்பி இருந்துச்சு. கெட்ட பின்விளைவு அடங்க ஒரு வாரம் ஆகும்னு வாரத்துக்கு ஒண்ணுன்னு வெச்சார். அதான் ஆறு வாரம். அத ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்ச நம்பர்னு நெனச்சுட்டு இருக்கோம். ஆனா வேல செஞ்சுது, அமெரிக்கால 1990-ல அனுமதியும் வந்துருச்சு, அந்த ஆறு அப்படியே நின்னுருச்சு.

ஆறோட முடியாது, அதையும் தெரிஞ்சுக்கோங்க. லாம்ங்கறவர் நடத்தின ட்ரயல் 2000-ல வெளிவந்துச்சு, அதுல 3, 6, 12, 18, 24, 30, 36-வது மாசம் மூணு மூணு வாரம் திரும்ப குடுத்தாங்க. குடுத்தவங்களுக்கு கட்டி திரும்ப வராம இருந்த காலம் ரெண்டு மடங்குக்கும் மேல நீண்டுச்சு. ஆனா மூணு வருஷமும் முழுசா தாக்குப்புடிச்சவங்க 16 சதவீதம்தான். எரிச்சல் அப்படி.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. உங்கப்பாவோட பழைய காயம் கேன்சர கொண்டுவரல, ஆனா வைத்தியத்துல குறுக்க வந்து நிக்குது. பி.சி.ஜி. உள்ள போறது கதீட்டர் வழியாத்தான். அந்த கதீட்டர் போற வழிலதான் 1994 தழும்பு இருக்கு. கதீட்டர் விடும்போது கீறி ரத்தம் வந்துச்சுன்னா அன்னிக்கு மருந்து ஊத்தக்கூடாது, குறைஞ்சது ஒரு வாரமாவது தள்ளிப்போடணும். ஏன்னா அது உயிருள்ள கிருமி. கிழிஞ்ச எடம் வழியா நேரா ரத்தத்துல ஏறிருச்சுன்னா உடம்பெல்லாம் பரவி உயிருக்கே ஆபத்தாகும், முன்னாடி அப்படி செத்தவங்க இருக்காங்க. அதுக்கு குடுக்கற டிபி மருந்துலயும் பைராசினமைட் வேல செய்யாது, மாட்டு வகை கிருமி அதுக்கு மசியாது.

ஆக ஊத்தறவங்ககிட்ட ஸ்ட்ரிக்சர் இருக்குன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. ஃபைல்ல இருக்குமே பாத்துக்குவாங்கன்னு விட்றாதீங்க.

பாட்டி_சொன்னது:

கிருமிய போயி உடம்புக்குள்ள ஊத்தறதா?? தினமும் காலைல சோடா உப்பு தண்ணில கலந்து குடிக்க சொல்லுங்க, கேன்சர் காரத்தன்மைல வளராது. எனக்கு தெரிஞ்சவர் ஒருத்தருக்கு மூணு மாசத்துல சரியாச்சு.

லேப்கோட்டு:

சோடா உப்பு குடிச்சா மூத்திரம் காரமாகும், கேன்சர் அங்கயேதான் இருக்கும். 64 வயசு ஆளுக்கு தினமும் அவ்ளோ சோடியம் உள்ள போனா பிரஷர் ஏறும், வேற என்ன ஆகும்னு நான் எழுதினா திரெட் திசை மாறிரும். உங்க தெரிஞ்சவருக்கு ரத்தம் நின்னுருக்கும். ரத்தம் தானா நிக்கும், மறுபடி வரும், இவர் அப்பாவுக்கும் ரெண்டு தடவ நின்னுச்சுல்ல. வலியில்லாம ரத்தம் வந்து நின்னுபோறதுதான் இந்த நோயோட பழக்கமே, அதனாலதான் ஆளுங்க ஏமாந்துபோறாங்க.

ஆறு_டோஸ்_ஆசாமி:

தம்பி, நான் இத ஆறும் போட்டு அப்புறம் மூணு மூணா ரெண்டு ரவுண்டும் போட்டவன். பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு மேல ஒருத்தர் அழகா சொல்லிட்டார், ரூம்ல என்ன நடக்கும்னு நான் சொல்றேன்.

ஊத்தற அன்னிக்கு காலைலேந்து தண்ணி கம்மியா குடிக்க சொல்வாங்க, மருந்து நீத்துப்போகக்கூடாதுன்னு. யூரின் டெஸ்ட் பாப்பாங்க, காய்ச்சல் இருக்கான்னு கேப்பாங்க. அப்புறம் படுக்க வெச்சு ஜெல்லு போட்டு மெல்லிசா ஒரு ட்யூப் விடுவாங்க, உள்ள இருக்கறத வடிச்சுட்டு, 50 மில்லி, கலங்கின வெள்ளத்தண்ணி மாதிரி இருக்கும், அத மெதுவா விடுவாங்க. ட்யூப உருவிட்டா வேல முடிஞ்சுது, அஞ்சு நிமிஷம்கூட ஆகல. அதுக்கப்புறம்தான் உங்க வேல, ரெண்டு மணிநேரம் அடக்கி வெச்சிருக்கணும். எனக்கு முத தடவ ஒண்ணும் தெரியல, இதுக்கா இவ்ளோ பயந்தோம்னு இருந்துச்சு. மூணாவது தடவைல இருந்து ஒண்ணரை மணிநேரம் ஆச்சுன்னா கடிகாரத்த பாத்துட்டே ஒக்காந்திருப்பேன், முள்ளு நகராது.

வீட்டுக்கு வந்தப்புறம் ஆறு மணிநேரம் ஒக்காந்துதான் போகணும், நின்னுட்டு போனா தெறிக்கும். ஒவ்வொரு தடவையும் போனப்புறம் டாய்லெட்ல ப்ளீச்சிங் லிக்விட ஊத்தி, மூடி போட்டு மூடி, 15 நிமிஷம் கழிச்சு ஃப்ளஷ் பண்ணணும். எனக்கு அந்த ப்ளீச் வாசனை இப்ப மூக்குல ஏறினாலும் அடிவயிறு சுருக்குன்னு ஆயிரும், சத்தியமா. அன்னிக்கு ராத்திரி ஒடம்பு வலி, லேசா குளிர், அடுத்த நாள் மத்தியானம் சரியாயிரும். எரிச்சல் மட்டும் ரெண்டு நாள் இருக்கும், வர வர மூணு நாளாச்சு.

எப்ப பயப்படணும்னா காய்ச்சல் 38.5 டிகிரிக்கு மேல போயி ஒரு நாளைக்கு மேல எறங்காம நின்னுச்சுன்னாலோ, உதறல் எடுத்து நடுங்கினாலோ. அப்ப "நாளைக்கு பாப்போம்"னு படுக்காதீங்க. எனக்கு அஞ்சாவது டோஸ் அன்னிக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்துச்சு, எரிச்சலும் இருந்துச்சு, திருப்பி அனுப்பிட்டாங்க, ஒரு வாரம் வீணாப்போச்சேன்னு சண்ட போட்டேன். இப்ப மேல இருக்கறத படிச்சப்புறம்தான் அந்த சிஸ்டருக்கு கைகூப்பணும்போல இருக்கு.

அப்புறம் ஒண்ணு, உங்கப்பா லாரிக்காரன திட்டறார்னா திட்டட்டும் விடுங்க. நான் என் மாமனார திட்டுனேன், அவர்தான் எனக்கு முத சிகரெட்ட நீட்டினது.

நைட்_ட்யூட்டி:

ட்ராமா தியேட்டர்ல 17 வருஷமா இருக்கேன், ஸ்டாஃப் நர்ஸ். அப்பாவோட 1994 கதைய படிச்சதும் எழுதணும்னு தோணிச்சு.

இடுப்பெலும்பு உடைஞ்சு வர்ற ஆம்பளை பேஷன்ட்ட நாங்க முத பாக்கறது மூத்திரம் வர்ற நுனில ஒரு சொட்டு ரத்தம் இருக்கான்னுதான். ஒரு சொட்டு. மத்த எடமெல்லாம் ரத்தக்களரியா இருக்கும், சத்தம் போடுவாங்க, அந்த ஒரு சொட்ட கவனிக்காம விட்டு யாராவது ஆர்வக்கோளாறுல கதீட்டர திணிச்சாங்கன்னா பாதி கிழிஞ்ச குழாய் முழுசா அறுந்துரும். அதனால மொதல்ல நுனி வழியா சாயமருந்து விட்டு எக்ஸ்ரே, குழாய் எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சுரும். ஒழுகினா கீழ தொடறதில்ல, அடிவயித்துல ஓட்ட போட்டு ட்யூப். மூணு மாசம் கழிச்சு வீக்கமெல்லாம் வத்தினப்புறம் தழும்ப வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையும் சேத்து தெப்பாங்க. உங்கப்பாவுக்கு நடந்தது அப்டியே அதேதான், இன்னிக்கும் பெருசா மாறல. 1994-ல ட்யூப் வெச்ச அந்த புண்ணியவான் சரியாத்தான் பண்ணியிருக்கார்.

ப்ளாடர் கிழியறது தனிக்கத. வண்டில போறதுக்கு முன்னாடி ஒரு தடவ போயிட்டு ஏறுங்கன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்வேன், எல்லாரும் சிரிப்பாங்க. முட்ட முட்ட நிறைஞ்ச ப்ளாடர் மேல பெல்ட் அழுத்தினா, உச்சந்தலை மாதிரி மேல ஒரு வளைவு இருக்கு, அதான் வலுவில்லாத எடம், பட்டுனு போகும். அங்க கிழிஞ்சா மூத்திரம் வயித்துக்குள்ள கொட்டும், அது ஆபரேஷன் பண்ணித்தான் தெக்கணும். அதே கிழிசல் கீழ, வயித்து உள்ளறைக்கு வெளிய இருந்துச்சுன்னா பெரும்பாலும் கதீட்டர் வெச்சு 10, 14 நாள் ஓய்வு குடுத்தா அதுவே மூடிக்கும். ஒரே உறுப்பு, ரெண்டு அங்குலம் தள்ளி கிழிஞ்சா வைத்தியமே வேற. அத கண்டுபிடிக்க ப்ளாடர்ல 300 மில்லிக்கு குறையாம சாயமருந்து நெறப்பி சிடி எடுக்கணும், சும்மா கதீட்டர க்ளாம்ப் பண்ணிட்டு எடுத்தா சின்ன ஓட்டை கண்ணுக்கு படாம தப்பிச்சுரும்.

இப்ப கதீட்டருக்கு வர்றேன். லேப்கோட்டு சொன்னது நூத்துக்கு நூறு. அதுக்கு மேல ப்ராக்டிக்கலா ஒண்ணு: கதீட்டர் சைஸ ஃப்ரெஞ்சுன்னு சொல்வோம், ஒரு ஃப்ரெஞ்ச்னா ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்கு. 18-ன்னா 6 மில்லிமீட்டர் தடிமன், 12-ன்னா 4. மருந்து ஊத்தறதுக்கு தடிச்ச ட்யூப் எதுக்கு? உங்கப்பா மாதிரி ஆளுக்கு 10, 12 போதும், வழுவழு கோட்டிங் இருக்கறதா கேளுங்க, ஜெல்லு தாராளமா விட்டு அஞ்சு நிமிஷம் விட்டுட்டு அப்புறம் போடச் சொல்லுங்க. முட்டுச்சுன்னா தள்ளக்கூடாது. தள்ளாம டாக்டர கூப்புடறதுக்கு ஒரு நர்ஸுக்கு கொஞ்சம் தைரியம் வேணும், கூட நிக்கற வீட்டுக்காரங்க "என்ன சிஸ்டர் லேட்டாகுது"ன்னு கேட்டாலே அந்த தைரியம் போயிரும். அதனால நீங்க கேக்காதீங்க.

சக்கரநாற்காலி:

கதீட்டர்னு பேச்சு வந்ததால நானும் உள்ள வர்றேன். மரத்துல இருந்து விழுந்து தண்டுவடம் போயி 11 வருஷம் ஆச்சு. ஒரு நாளைக்கு 5 தடவ நானே எனக்கு கதீட்டர் விட்டுக்கறேன், இந்நேரம் இருபதாயிரம் தடவ விட்டிருப்பேன்னு கணக்கு போட்டு பாத்து நானே அசந்துட்டேன்.

முதல் உலகப்போர்ல என்ன மாதிரி அடிபட்டவங்க பெரும்பாலும் பொழைக்கல. தண்டுவடத்தால சாகல, மூத்திர இன்ஃபெக்‌ஷன்லயும் படுக்கப்புண்லயும் செத்தாங்க. 1944-ல இங்கிலாந்து ஸ்டோக் மேண்டவில்ல லூட்விக் குட்மன்னு ஒரு டாக்டர் (மேல ரேன் லூட்விக், இவரும் லூட்விக், என்ன ராசியோ) எங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னு தனி வார்டு ஆரம்பிச்சார். ட்யூப உள்ளயே வெச்சிருக்காம அப்பப்ப போட்டு எடுக்கணும்னு சொன்னார், ஆனா ஆபரேஷன் தியேட்டர் சுத்தத்தோட, டாக்டர் கையால. 1948-ல அங்க 16 பேர வெச்சு அவர் ஆரம்பிச்ச விளையாட்டுப்போட்டிதான் வளந்து பாராலிம்பிக்ஸ் ஆச்சு. எல்லாருக்கும் அந்த விளையாட்டு தெரியும், கதீட்டர் தெரியாது. என்ன கேட்டா கதீட்டர்தான் பெருசு.

அப்புறம் 1972-ல அமெரிக்கால லாப்பிடஸ்னு ஒருத்தர் வந்து "ஸ்டெரைலா இருக்கணும்னு அவசியமில்ல, கைய சோப்பு போட்டு கழுவினா போதும், நேரத்துக்கு காலி பண்றதுதான் முக்கியம்"னு சொன்னார். அந்த காலத்துல அத கேட்டு பல டாக்டருங்களுக்கு தூக்கிவாரிப் போட்டிருக்கும். ஆனா நெறைஞ்சு உப்பிப்போன ப்ளாடர்லதான் இன்ஃபெக்‌ஷன் புடிக்குதுங்கறது அவரோட வாதம். நான் பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல ஒக்காந்து கதீட்டர் விட்டுட்டு அடுத்த வேலைக்கு கெளம்பறேன்னா அந்த ஒரு பேப்பராலதான்.

லேப்கோட்டு சொன்ன ஸ்குவாமஸ் கேன்சர் விஷயம் எங்க ஆளுங்களுக்கு நல்லா தெரியும். எங்க க்ரூப்ல ட்யூப நிரந்தரமா வெச்சுட்டு 15 வருஷம் ஓட்டின ஒருத்தருக்கு வந்துச்சு. அவருக்கு கீழ உணர்ச்சியே கெடையாது, இன்ஃபெக்‌ஷன்ல அப்பப்ப ரத்தம் வரும், அதனால இதுவும் அதுதான்னு விட்டுட்டார். உங்கப்பாவுக்கு நடந்ததேதான் தம்பி. பழைய நோய் இருக்கறவனுக்கு புது நோய் வந்தா அது பழசோட சட்டைய போட்டுட்டுதான் வரும்.

லேப்கோட்டு:

அந்த கடைசி வரிய எங்க டிபார்ட்மென்ட் செவுத்துல ஒட்டணும்.

கடைசில சொல்றேன்னேன்ல, அத சொல்லிட்டு போறேன். ரிசர்ச் எங்க போகுதுன்னு பாத்தா கேன்சர் பக்கம் நல்ல வேகம். பி.சி.ஜி. கேக்காதவங்களுக்கு முன்னாடி ப்ளாடர எடுக்கறது ஒண்ணுதான் வழின்னு சொல்வாங்க. 2020-ல பெம்ப்ரோலிசுமாப்ங்கற நோயெதிர்ப்பு மருந்து வந்துச்சு, 2022 டிசம்பர்ல வைரஸ் வழியா ஜீன அனுப்பற மருந்து ஒண்ணு, 2024 ஏப்ரல்ல பி.சி.ஜி.யோட சேத்து ஊத்தற என்-803, எல்லாம் அமெரிக்கால அனுமதி வாங்கினது. பரவிப்போன கேன்சர்ல என்ஃபோர்டுமாப் வெடோட்டின்ங்கற மருந்தையும் பெம்ப்ரோலிசுமாபையும் சேத்து குடுத்த ட்ரயல்ல பாதி பேராவது உயிரோட இருந்த காலம் 16.1 மாசத்துலேந்து 31.5 மாசமாச்சு. ரொம்ப வருஷமா சிஸ்பிளாட்டின் கீமோவ தாண்ட முடியாம கெடந்த எடம் அது.

ட்ராமா பக்கம் அப்படி இல்ல. ரத்தம் கொட்டிட்டு மயக்கமா வர்றவன்கிட்ட "ட்ரயல்ல உங்கள எந்த க்ரூப்ல போடலாம்"னு கையெழுத்து வாங்க முடியுமா? அதனால அங்க பெரிய ட்ரயல்கள் கம்மி, போர்ல கத்துக்கிட்டதும் பழைய கேஸ் ஷீட்டுகள தொகுத்து பாத்ததும்தான் அதிகம். அப்படி பாத்தே கிட்னி அடிபட்டா ஒடனே வெட்டி எடுக்கற பழக்கத்த விட்டுட்டு, பேஷன்ட் நிலையா இருந்தா 4-ம் கிரேடு (ரொம்ப மோசமான) காயத்தக்கூட படுக்கப்போட்டு பாத்துக்கலாம்ங்கற அளவுக்கு வந்திருக்காங்க, அது சின்ன சாதனை இல்ல.

ஆனா ரெண்டு கூட்டமும் ஒரே காரிடார்ல எதிரெதிர் ரூம்ல ஒக்காந்துட்டு பேசிக்கறதில்ல. உங்கப்பா மாதிரி ஆளு ரெண்டு ரூமுக்கும் நடுவுல நிக்கறார். உங்க கேள்வி பிடிச்சதுக்கு அதான் காரணம்.

தூக்கம்_வராதவன்:

எல்லாருக்கும் எப்டி நன்றி சொல்றதுன்னே தெரியல. ரிப்போர்ட்ட எடுத்து பாத்தேன், யூரோதீலியல்னுதான் போட்டிருக்கு. சாய ஃபாக்டரி பத்தி டாக்டர்கிட்ட சொன்னேன், அவர் பேனாவ கீழ வெச்சுட்டு எத்தன வருஷம், எந்த செக்‌ஷன், கையால கலக்கினாரான்னு பத்து நிமிஷம் கேட்டார். அப்பாவுக்கு கூட வேல பாத்தவங்க ரெண்டு பேரோட நம்பர் இருக்கு, அவங்களையும் யூரின் டெஸ்ட் பண்ணிக்க சொல்ல சொன்னார்.

நேத்து முத டோஸ். நைட்_ட்யூட்டி சிஸ்டர் சொன்னத ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போனேன். ஊத்த வந்த பொண்ணு ட்ரேல 16 எடுத்து வெச்சிருந்துச்சு. நான் பேப்பர நீட்டினேன், கோச்சுக்குமோன்னு பயம், அது படிச்சுட்டு "ஸ்ட்ரிக்சர்னு யாருமே சொல்லலியே சார்"னுட்டு உள்ள போயி 10 எடுத்துட்டு வந்துச்சு. பாதி வழில முட்டுச்சு. அந்த பொண்ணு கைய எடுத்துருச்சு, தள்ளல. நான் வாயே தொறக்கல. டாக்டர் வந்து வயர் விட்டு அது மேல கதீட்டர ஏத்தினார், போயிருச்சு, ஆனா வெளிய எடுத்தப்ப நுனில ரத்தம். மருந்து ஊத்தல. ரெண்டு வாரம் கழிச்சு வர சொல்லிட்டாங்க.

அப்பாவுக்கு ஏமாத்தம், வண்டில வரும்போது மறுபடி லாரிக்காரன ஆரம்பிச்சார். நான் ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்து ஃபைல தொறந்து பாத்தா, மொத பக்கத்துல மேல, அந்த பொண்ணு செவப்பு இங்க்ல பெருசா எழுதியிருக்கு: "1994 குழாய் காயம், 10 ஃப்ரெஞ்ச், வயர் மேல மட்டும், முட்டினால் தள்ளாதே."